மூன்று கூஸ்பெரிப் புதர்களுக்கு முடிவெட்டிய கதை

இருபத்திரண்டு வருஷம் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தால், இருபத்து மூன்றாவது வருஷம் சொன்னவனே அதை நம்பிவிடுவான். என் பொய் சின்னப் பொய்தான். "வெட்ட வெட்டத்தான் சார் அடர்த்தியா வளரும்." சலூன் வைத்திருக்கிற எல்லோரும் சொல்வதுதான். சொல்லாவிட்டால் பாதிப் பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கடையில் சொல்கிற பொய்யைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரவேண்டும். நான் அதைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பிடித்தது சனி.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குளிர் ஊரில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் நடுவே பன்னிரண்டு துண்டு நிலம். ஒவ்வொரு துண்டும் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவு. ஏழாம் எண் துண்டு என் மனைவி பேரில் இருக்கிறது. அதில் மூன்று கூஸ்பெரிப் புதர்கள். இடுப்புயரம், உடம்பெல்லாம் முள், கோடு போட்ட பச்சைக் கோலிக்குண்டு மாதிரிப் பழம். நெல்லிக்காயைப் பார்த்தவர்கள் இதையும் அந்தக் குடும்பம் என்று நினைப்பார்கள். முகஜாடைதான், சொந்தபந்தம் கிடையாது.

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. ஆளுயர இயந்திரங்கள் பத்து ஒரே நேரத்தில் சுழலும். எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் நின்று போர்வைகளையும் பச்சை அங்கிகளையும் உள்ளே தள்ளி வெளியே இழுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவளிடம் "தண்ணி குடிச்சியா" என்று கேட்கக்கூடக் கத்த வேண்டும். சரி, வீட்டுக்கு வந்தால் அமைதியா என்றால், வீட்டில் நான் இருக்கிறேன். என் தொழிலில் கத்தரியும் வாயும் ஜோடியாக ஓட வேண்டும். கத்தரியைக் கடையில் வைத்துவிட்டு வரலாம், வாயை எங்கே வைப்பது?

ஆகவே சாயங்காலம் அவள் நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஏழாம் எண் துண்டில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் செய்ய மாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நானும் இன்னொரு வாளியோடு போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. மூன்றாவது நிமிஷம், "இந்தப் பக்கம் காத்து நல்லா வருதுல்ல?" என்றேன்.

"என்னங்க, அந்த வாளி கடைக்கு வேணும்னு சொன்னீங்களே?"

நான் அப்படிச் சொன்னதே இல்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அரை மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

தோட்டக் குழு என்று ஒன்று உண்டு. அதன் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உட்பிரிவு'. ஏதோ அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டால், "எந்த வகையில கேக்கறீங்க?" என்பார். தோட்டத்துக்கு அவர் எழுதிய விதிமுறைகள் நாற்பத்தொரு பக்கம். பன்னிரண்டு துண்டும் சேர்ந்து அத்தனை இலை விட்டதில்லை. அதில் ஒன்பதாவது விதி இப்படிச் சொல்கிறது: ஒவ்வொரு துண்டும் கோடை எடைநாளில் குறைந்தது இரண்டு கிலோ விளைச்சல் காட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் காட்டாத துண்டு, வண்டி நிறுத்துமிடத்தோடு சேர்க்கப்படும்.

உருளைக்கிழங்கு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஏழாம் எண் துண்டு கூஸ்பெரி என்று பதிவாகியிருக்கிறது. பயிரை மாற்ற விண்ணப்பம் போட வேண்டும். போட்டோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இன்றைக்கும் அது உள்ளேதான் இருக்கிறது. வெளியே வரக் காணோம்.

உட்பிரிவு என் வாடிக்கையாளர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார். அவர் தலையில் இருப்பது மொத்தம் பதினோரு முடி. எல்லாம் வெள்ளை. எண்ணியிருக்கிறேன், எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகாது. அந்தப் பதினோரு முடிக்கு நேர்மையாக வேலை செய்தால் ஒன்றரை நிமிஷத்தில் கழுத்தில் கட்டிய போர்வையை உதறிவிடலாம். ஆனால் அப்படி உதறினால் ஒரு மனுஷனின் மனசு என்ன ஆகும்? அதனால் அவருக்கு அரை மணி நேரக் கட்டிங். சீப்பால் ஒரு முடியைத் தூக்குவேன். அதற்கு அரை அங்குலம் மேலே காற்றில் கத்தரியை 'சரக் சரக்' என்று ஓட்டுவேன். சுழியைச் சுற்றி ஒரு தடவை, காதோரம் ஒரு தடவை, பிடரியில் மூன்று தடவை. நடுநடுவே, முந்தின வாடிக்கையாளரின் முடியில் ஒரு பிடி எடுத்து இடதுகையில் மறைத்து வைத்திருப்பேன். அதில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் மடியில் உதிர்ப்பேன். மடியில் முடி விழாமல் கட்டிங் ஏது? பதினைந்து வருஷமாக இந்த நாடகம் நடக்கிறது. ஒருநாளும் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை என்று எனக்குள் ஒரு கர்வம்.

இப்போது புதர்களுக்கு வருவோம்.

துண்டு கைக்கு வந்த முதல் இலையுதிர் காலத்தில் மூன்று புதரையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். தலை வாராத தடிப்பயல்கள் மூவர் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. கை சும்மா இருக்குமா? கத்தரியை எடுத்து மூன்றையும் உருண்டையாக, பந்து போல, ஒட்ட வெட்டினேன். பின்பக்கம் சரிவு, பக்கவாட்டில் கிருதா மட்டம். மாதம் தவறாமல் அதே கட்டிங். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். 'வெட்ட வெட்டத்தான் அடர்த்தியா வளரும்' என்று பக்கத்துத் துண்டுக்காரருக்கு வகுப்பே எடுத்தேன். வளர்ந்தது, உண்மைதான். கத்தி நுழையாத அடர்த்தி. அடுத்த கோடையில் அந்த அடர்த்திக்குள் தேடித் தேடி எடுத்தது பதினோரு பழம். உட்பிரிவின் தலையும் என் புதரும் அந்த வருஷம் ஒரே கணக்கு.

"நாற்பது கிராம்," என்று எழுதிக்கொண்டார் உட்பிரிவு. "முதல் வருஷம்."

நம்மிடம் ஒரு குறை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், சலூன் நாற்காலியைப் போல ஆலோசனைக்கு ஏற்ற இடம் உலகத்தில் வேறு கிடையாது. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வேளாண் விஞ்ஞானி ஆனார்கள். எரு போடு என்றார் ஒருவர். மூன்று கூடை போட்டேன். பத்தாது என்றார் இன்னொருவர். இன்னும் மூன்று. செடியோடு பேசினால் காய்க்கும் என்றார் ஒரு பல் டாக்டர். அதற்கு மட்டும் மனைவி தடை போட்டாள்.

"வேற எதை வேணா பண்ணுங்க. பேசறது மட்டும் வேண்டாம். பாவம் அதுங்க."

மனைவியின் தம்பி, என் மச்சான், பார்சல் வேன் ஓட்டுகிறான். எங்கள் மாடிக்கு மேல்மாடி. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவனுக்குத் தெரியாத தொழிலே கிடையாது. செய்யத் தெரிந்தது மட்டும் வேன் ஓட்டுவது.

"மாமா, உண்மையைச் சொல்லட்டா? அந்த இடம் பார்க்கிங் ஆயிட்டா என் வேனுக்கு நல்லதுதான்."

"உங்க அக்கா காதுல விழட்டும், உன் வேனையே பார்சல் பண்ணிடுவா."

"அதனாலதான் மாமா ஐடியா குடுக்கறேன். உப்பு போடுங்க. ஒருத்தன் போட்டான், வீடியோல கொத்துக் கொத்தா தொங்குது."

"எந்த உப்புடா?"

"அதைச் சொல்றதுக்குள்ள விளம்பரம் வந்துருச்சு மாமா."

நல்லவேளை, உப்பு போடவில்லை. ஆனால் ஆறு கூடை எரு வேலையைக் காட்டிவிட்டது. இரண்டாம் வருஷ வசந்தத்தில் புதர் மூன்றும் எண்ணெய் வைத்த தலை போல மினுமினுத்தன. உள்ளங்கை அகல இலை. பூவைத்தான் காணோம். கோடை பிறக்கும்போது, அந்த அடர்த்திக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பச்சைப் புழு குடியேறியது. வெளியிலிருந்து பார்த்தால் பந்து பந்தாக அழகு. உள்ளே விருந்து. நாலே நாள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் மூன்று புதரும் மொட்டை. ஓர் இலை இல்லை. முள்ளும் நரம்பும் மட்டும் நிற்கின்றன.

"பூஜ்யம் கிராம்," என்றார் உட்பிரிவு. "இரண்டாம் வருஷம்." பிறகு, யோசித்து, "தராசை எடுக்கவேண்டிய தேவையே இல்ல, ஆனா விதிப்படி எடுத்தாகணும்," என்று வெறும் தட்டை எடை போட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி வாளியில் உட்கார்ந்திருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எப்போதும் புதரைப் பார்த்துத்தான் உட்காருவாள். அன்றைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அடுத்த வருஷம் கூட இல்லன்னா, ஆஸ்பத்திரிலேயே மாடிப்படி இருக்கு. ஆளுங்க அதிகம் வராத படி. அங்க உட்கார்ந்துட்டு வரேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஒருத்தி சொன்னால், அதை வைப்பதற்கு மனசைத் தவிர வேறு இடம் ஏது? அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. இதை ஒரு சாதனையாகவே எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

மொட்டைத் தலைக்குக் கட்டிங் எதற்கு என்று அந்தக் கோடையில் கத்தரியைத் தொடவில்லை. இலையுதிர் காலத்தில் தொடலாம் என்று இருந்தபோது கடை ஷட்டர் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். ஷட்டர் இறங்கியது, வலது மணிக்கட்டும் பிசகியது. ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரித்த பிறகும், "இந்தக் கையை மனுஷத் தலைக்கு மட்டும் பயன்படுத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர்காலம் முழுக்கப் புதர்கள் இஷ்டத்துக்குக் கிடந்தன. புதுக் கிளைகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு, ஊர் மேய்ந்துவிட்டு வந்தவன் தலை மாதிரி. அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சம். தொழில் தெரிந்தவன் வீட்டு வாசலில் பரட்டைத் தலை நிற்கலாமா?

வசந்தம் வந்தது. ஒருநாள் மனைவி கடைக்கு போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் போன் செய்கிறவளே இல்லை.

"என்னங்க, பூ வந்திருக்கு."

கன்னத்தில் பாதி நுரையோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஓடினேன். பெரிய பூவொன்றும் இல்லை. பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சின்னச் சின்ன மணிகள். நூறு இருக்கும், இருநூறு இருக்கும். முள்ளுக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தேன். இந்த வருஷம் துளிர்த்த இளம் கிளையில் ஒரு பூ கிடையாது. போன வருஷம் நீண்ட கிளையில் இருந்தது. அதற்கும் முந்தைய பழைய கட்டையில், முடிச்சு முடிச்சாக, கொத்தாக இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. போன வருஷக் கிளையில்தான் இந்த வருஷப் பழம். நான் மாதாமாதம் எதை ஒட்ட வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேனோ, அதில்தான் பழம் இருந்திருக்கிறது. இரண்டு வருஷமாக என் மனைவியின் அரை மணி நேரத்தை நானே சீப்பும் கத்தரியுமாக வெட்டிப் போட்டிருக்கிறேன். எருவையும் புழுவையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய புழு நான்தான்.

"எல்லாம் என்னால வந்தது," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"எப்போலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து. உங்க கை பிசகினப்போ வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா..." என்று நிறுத்திவிட்டு, பூவைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் கையில். எரு நின்றது. சாயங்கால அரை மணி நேரத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வொரு புதரின் அடிவயிற்றிலும் கையை விட்டு, இலைக்கு அடியில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். காய் பட்டாணி அளவு வந்ததும் ஒரு காரியம் செய்தாள், எனக்கு உயிரே போய்விட்டது. பாதிக் காயைப் பறித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயையோ, எடைக்கு வர வேண்டியதாச்சே!"

"பாதியை எடுத்தாத்தான் மீதி பெருக்கும். பிள்ளைங்க பத்து இருந்தா ஒண்ணுக்கும் வயிறு ரொம்பாது."

பறித்ததைச் சலவைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைத்துவிட்டாள். புளிப்பில் ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். இன்னும் வேண்டும் என்று கேட்டாளாம்.

மீதிக் காய்கள் பெருத்தன. தினமும் பெருத்தன. பார்க்கப் பார்க்க எனக்குப் பேச்சு ஊறியது. எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஏழாம் எண் துண்டில் ஒரு அறிவிப்பு தொங்கியது. விதி பதினொன்று, உட்பிரிவு மூன்று: 'செடிகள் வடிவாகக் கத்தரிக்கப்பட்டிருக்க வேண்டும். மீறினால் ஏழு நாளுக்குள் துண்டு திரும்பப் பெறப்படும்.'

நேரே உட்பிரிவிடம் போனேன்.

"சார், வெட்டினா பழம் போயிடும். பழம் போனா ஒன்பதாவது விதிப்படி இடம் போயிடும்."

"சரி."

"வெட்டலன்னா பதினொண்ணாவது விதிப்படி இடம் போயிடும்."

"சரி."

"அப்போ நான் என்னதான் பண்றது சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு விதியையும் நான்தான் எழுதினேன். ஆனா ஒரே நாள்ல எழுதல," என்றார். அதை ஒரு பதிலாகவே நினைத்துக்கொண்டார் போல. "சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து நிப்பேன். என் முன்னாடி வெட்டணும். விதி."

அன்றைக்கு வீட்டில் மச்சான், "ராவோட ராவா பிளாஸ்டிக் செடி வச்சுடலாமா மாமா?" என்றான். மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணி, சனிக்கிழமை காலை பத்து மணி என்று நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்லத்தான் பொறி தட்டியது. அடேய், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்பிரிவு முன்னால் நான் பதினைந்து வருஷமாகச் செய்துகொண்டிருப்பது என்ன?

சனிக்கிழமை. கடையிலிருந்து போர்வை, சீப்பு, இரண்டு கத்தரி, தண்ணீர் தெளிக்கும் குப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். விடிந்ததும் பத்தாம் எண் துண்டுக்காரர் வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த இலையும் குச்சியும் ஒரு பை கட்டித் தயாராக வைத்திருந்தேன். உட்பிரிவு குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். மனைவி வாளியில் உட்கார்ந்திருந்தாள், முகம் வெளுத்து. முதல் புதரைச் சுற்றிக் கீழே போர்வையை விரித்தேன். தண்ணீர் தெளித்தேன். ஒரு கிளையைச் சீப்பால் மெல்லத் தூக்கினேன்.

"எப்படிப் போடலாம் சார்? மீடியமா, ஷார்ட்டா?"

"விதியில நீளம் குறிப்பிடல."

"அப்போ மீடியம்."

சரக், சரக், சரக். கிளைக்கு அரை அங்குலம் மேலே. காற்று கத்தை கத்தையாக விழுந்தது. சுழியைச் சுற்றி ஒரு தடவை. பிடரியில் மூன்று தடவை. இடதுகையிலிருந்து பத்தாம் எண்ணின் இலைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போர்வையில் உதிர்ந்தன. நிஜமாகவே வெட்டியது ஒன்று உண்டு: புதரின் நடுவில், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காயே இல்லாமல் கிடந்த வறட்டுக் குச்சிகள். அதை மட்டும் அடியோடு எடுத்தேன். எடுத்ததும் நடுவயிறு திறந்து, வெளிச்சம் உள்ளே இறங்கியது. ஒரு கை தாராளமாகப் போய்வரலாம். நடுவில் காற்றோட்டம் இருந்தால் புழு தங்காது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தது அன்றைக்குத்தான் கையில் புரிந்தது. ஒரு காய் விழவில்லை.

மூன்று புதருக்கு ஒன்றரை மணி நேரம். கடைசியில் பின்பக்கம் ஒரு கண்ணாடியைப் பிடித்து உட்பிரிவுக்குக் காட்டினேன். பழக்கதோஷம். அவர் குனிந்து பார்த்தார். புதரையும் பார்த்தார், போர்வையையும் பார்த்தார். போர்வையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு," என்று எழுதிக்கொண்டு போனார்.

மனைவி எழுந்து வந்தாள். போர்வையில் கிடந்த ஒரு இலையை எடுத்துப் பார்த்தாள். "இது கூஸ்பெரி இலையே இல்லையே. அவருக்குத் தெரியாமயா இருக்கும்?"

"அவரா? பதினஞ்சு வருஷமா அவர் தலைலயே கண்டுபிடிக்கல!"

இந்தத் திமிருக்குத்தான் பலன் கிடைத்தது.

எடைநாளுக்கு முந்தின நாள். புதர்களைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. கிளைக்கு அடியில் வரிசை வரிசையாக, வெயில் ஊடுருவிப் பச்சைக் கண்ணாடி விளக்கு எரிகிற மாதிரி. இரண்டு கிலோ என்ன, மேலேயே வரும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பறித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். எதற்கு? பெருமைக்கு. எரு போடச் சொன்னவருக்கு ஒன்று, பேசச் சொன்ன பல் டாக்டருக்கு ஒன்று, "நம்ம தோட்டம், நம்ம கைவண்ணம்" என்று வாசலில் போனவரைக் கூப்பிட்டு ஒன்று. சாயங்காலம் கிண்ணம் காலி.

மறுநாள் காலை மனைவி ஒவ்வொன்றாகப் பறித்தாள். முள் கீறிய கையைக் கண்டுகொள்ளவே இல்லை. தராசுத் தட்டில் கொட்டினோம். பன்னிரண்டு துண்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். முள் ஏறியது, ஏறியது, ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பதில் நின்றுவிட்டது.

அறுபது கிராம். ஒரு கிண்ணம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிண்ண விஷயம் அவளுக்குத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கடைக்கு எடுத்துட்டுப் போனீங்களா?" என்றாள் மெதுவாக.

தலையை ஆட்டினேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் புதர்ப் பக்கம் திரும்பி, காலியான கிளைகளுக்குள் ஒன்றாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். ஏற்கெனவே மூன்று தடவை தேடியாயிற்று.

"தட்டுல தூசி இருக்கு," என்றார் உட்பிரிவு.

குனிந்தார். இடதுகையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் தட்டுக்கு மேலே கொண்டுபோய், தூசி தட்டுகிற மாதிரி நாலு தடவை ஆட்டினார். ஏதோ உருண்டது. கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார். முள் மெல்ல நகர்ந்து இரண்டு கிலோவைத் தொட்டு, பத்து கிராம் தாண்டி நின்றது.

பச்சைப் பழங்களுக்கு நடுவில் ஏழெட்டுப் பழம் நல்ல சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அந்தத் தோட்டத்திலேயே சிவப்பு கூஸ்பெரி இருப்பது ஒரே ஒரு துண்டில், முதலாம் எண்ணில். அது உட்பிரிவுடையது.

"மாமா!" என்றான் மச்சான், ஊருக்கே கேட்கும்படி. "நம்ம செடியில சிவப்பு காய்க்காதே?"

மனைவி அவன் காலை மிதித்தாள். சலவைப் பிரிவுக் கால். அவன் அதற்குப் பிறகு அன்று பேசவில்லை.

"விதியில நிறத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல," என்றார் உட்பிரிவு. "இரண்டு கிலோ பத்து கிராம். ஏழாம் எண் தொடரலாம். அடுத்தது, எட்டு."

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போர்வையைக் கட்டினேன். கை ஓடவில்லை.

"சார், எடைநாள் அன்னைக்கு..."

"எதிர்ல என்ன இருக்கு?" என்றார்.

"கண்ணாடி சார்."

"பதினஞ்சு வருஷமா அதைப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். என் தலையில இருக்கறது எல்லாம் வெள்ளை. என் மடியில விழறது எல்லாம் கருப்பு."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கத்தரியைத்தான் பார்த்தேன்.

"ஆவணப்படி எனக்கு இன்னும் முடி இருக்கு," என்றார் அவர். "அதை யாரும் திருத்த வேண்டாம்னு எனக்கு ஒரு எண்ணம். உங்க வீட்டம்மா சாயங்காலம் அங்க உட்கார்ந்திருக்கறதை ஜன்னல்லேருந்து பார்ப்பேன். சத்தமே இல்லாம எப்படி ஒருத்தர் உட்கார முடியும்னு ஆச்சரியமா இருக்கும்."

"வீட்ல நான் இருக்கேன்ல சார், அதான்."

"அது தெரியும்," என்றார். வேகமாகவே சொன்னார்.

இனி ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் குறைவு. அதில் இது ஒன்று. சீப்பால் ஒரு முடியைத் தூக்கினேன். சரக், சரக். சுழியைச் சுற்றி ஒரு தடவை, காதோரம் ஒரு தடவை, பிடரியில் மூன்று தடவை. இடதுகையில் கருப்பு முடி ஒரு பிடி தயாராகத்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, வழக்கம் போல உதிர்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரம்.

போர்வையை உதறி, பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்தேன். இடதுபக்கம், வலதுபக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இடதுபக்கம் கொஞ்சம் அதிகமா எடுத்துட்டீங்களோ?" என்றார்.